98 சதம் என்றால் என் வயலில் 98 சதம் நோயா?

கேள்வி: பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறேன். ரகம் எச்-226. நடுவதற்குச் சொந்தக் குச்சி போதாததால் பாதி நிலத்துக்கு வெளியூர் வியாபாரியிடம் வாங்கி நட்டேன். இப்போது நாலு மாதப் பயிர். இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, கோணிச் சுருங்கிக் கிடக்கின்றன. இரண்டு மாதம் முன்பு ஆராய்ச்சி மாணவர்கள் வந்து, வைரஸின் மரபணுவைப் படிக்கப் போகிறோம் என்று நாலைந்து இலை பறித்துப் போனார்கள். இப்போது ஒரு தாள் வந்திருக்கிறது. அதில் ‘இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ், 98 சதம் ஒற்றுமை’ என்று போட்டிருக்கிறது. 98 சதம் என்றால் என் வயலில் 98 சதம் நோயா? இலங்கையிலிருந்து இது இங்கே எப்படி வந்தது? மருந்துக் கடையில் வெள்ளை ஈக்கு ஒன்று தருகிறேன் என்கிறார்கள், அடிக்கலாமா? இந்தக் குச்சியையே அடுத்த நடவுக்கு வைத்துக்கொள்ளலாமா? இந்தப் பரிசோதனையால் எனக்கு என்ன பிரயோஜனம், ஐயா?

பதில்:

வணக்கம். முதலில் அந்த 98ஐ முடித்துவிடுவோம். அது உங்கள் வயலின் கணக்கே கிடையாது. உங்கள் இலையில் இருந்த வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பதிந்து வைத்திருக்கும் வைரஸ்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸோடு நூறு எழுத்துக்கு 98 ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். எத்தனை செடிக்கு நோய், மகசூல் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

இந்த வைரஸ் மிகச் சின்னது. வட்டமான இரண்டு டிஎன்ஏ துண்டுகள், அவற்றுக்கு ஏ, பி என்று பெயர். ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 முதல் 2,800 எழுத்துதான். மனிதனின் மரபணுவில் 300 கோடி எழுத்து என்பதோடு சேர்த்துப் பாருங்கள். ஏ துண்டை முழுதாகப் படித்து ஒப்பிடும்போது 91 சதமும் அதற்கு மேலும் ஒத்துப்போனால் ஒரே இனம், அதற்குக் கீழே போனால் வேறு இனம் என்று வைரஸ் வகைப்பாட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 98 என்றால் அந்தத் துண்டில் ஐம்பது, ஐம்பத்தைந்து எழுத்துதான் வேறு. ஆகவே அந்தத் துண்டை முழுதாகப் படித்திருந்தால் இனம் எது என்பதில் சந்தேகமில்லை.

இலங்கை என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் நாட்டு மரவள்ளியில் தேமலை உண்டாக்குபவை இரண்டு வைரஸ்கள். இந்திய மரவள்ளித் தேமல் வைரஸின் மரபணு 1993இல் வெளியானது. இலங்கையில் எடுத்த மாதிரிகளைப் படித்து, இது தனி இனம் என்று 2002இல் இன்னொன்றைப் பிரித்தார்கள். தமிழ்நாடு, கேரள மாதிரிகளை 2005 வாக்கில் பிசிஆர் முறையில் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் சோதனை) சோதித்தபோதே, இலங்கைப் பெயர் கொண்டதுதான் பரவலாக இருந்தது, இந்தியப் பெயர் கொண்டது சில பகுதிகளோடு நின்றிருந்தது. எனவே உங்கள் குச்சி கடல் தாண்டி வந்ததாக நினைக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பக்கம் பல காலமாக இருப்பதுதான். கண்ணால் பார்த்து இது எந்த வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் கோணும்.

அப்படியானால் எழுத்தெழுத்தாகப் படித்து என்ன பயன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பழைய பத்திரத்தைக் கையால் நகல் எடுக்கும்போது ஒருவர் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டால், அந்த நகலிலிருந்து எடுத்த எல்லா நகலிலும் அதே பிழை வரும் இல்லையா? வைரஸும் பெருகும்போது இப்படிப் பிழை விடுகிறது. ஒரே பிழை இரண்டு ஊர் வைரஸில் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று ஊகிக்கலாம். ஒரு வட்டாரத்தில் பல ஊர்களில் எடுத்த மாதிரிகளை இப்படி ஒப்பிட்டு, நோய் எங்கிருந்து எந்த வழியாக நகர்ந்தது என்று பார்ப்பதுதான் அந்த மாணவர்களின் வேலை.

இதற்கு நல்ல உதாரணம் தென்கிழக்கு ஆசியா. அங்கே மரவள்ளித் தேமல் இல்லாமல்தான் இருந்தது. 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் ஒரு தோட்டத்தில் கண்டார்கள். மரபணுவைப் படித்தால் நம்முடைய இதே ‘இலங்கை’ வைரஸ். 2017இல் வியட்நாமின் தைநின் மாகாணம், 2018இல் தாய்லாந்து, சீனா என்று போய்விட்டது. அங்கே எடுத்த மாதிரிகள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக ஒத்திருந்தன. அதாவது அங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. செடிக்குச் செடி இந்த வைரஸைச் சுமந்து போகும் வெள்ளை ஈ தானாகப் பறந்து இவ்வளவு வேகத்தில் நாடு நாடாகப் போகாது. விதைக்குச்சி லாரியில் போனது, வைரஸும் கூடவே போனது.

உகாண்டாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1990களில் அங்கே திடீரென்று தேமல் மிகக் கடுமையாகி, சாப்பாட்டுக்கே மரவள்ளியை நம்பியிருந்த ஜனங்கள் வயலைக் கைவிடும் நிலை வந்தது. 1997இல் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, இரண்டு வேறு வேறு மரவள்ளி வைரஸ்கள் ஒரே செடியில் சேர்ந்து, ஒன்றின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவில் மற்றொன்றின் பகுதி ஒட்டிக்கொண்டு புது வைரஸ் உருவாகியிருந்தது தெரிந்தது. நம்மிடமும் இரண்டு வைரஸ்கள் இருப்பதால்தான் இங்கே அடிக்கடி மாதிரி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி ஒரு கலப்பு சேலத்திலோ நாமக்கல்லிலோ தலைகாட்டினால், எதிர்ப்பு ரகம் என்று நாம் நம்பி நடுவது தாக்குப்பிடிக்குமா என்பதை அப்போதே சோதிக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் வட்டாரத்துக்கான லாபம். உங்கள் மூன்று ஏக்கருக்கு அந்தத் தாள் சொல்வது குறைவுதான், அதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் பகுதி வைரஸ்கள் ஒன்றோடொன்று நெருங்கியவை. நாலைந்து இலையை வைத்து ‘இன்ன வியாபாரியின் குச்சியில்தான் நோய் வந்தது’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு இரண்டு துண்டுகளையும் முழுதாகப் படித்திருக்க வேண்டும், பல வயல் மாதிரிகள் வேண்டும், எந்த மாதிரி எந்தக் குச்சியில் எடுத்தது என்ற குறிப்பும் வேண்டும். ஆனால் உங்கள் வயலுக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் அது செடியிலேயே எழுதியிருக்கிறது.

விதைக்குச்சியிலேயே வைரஸ் இருந்தால், முளைத்து வரும் முதல் இலையிலிருந்தே தேமல் தெரியும், அடியிலிருந்து நுனி வரை எல்லா இலையும் கோணும். நல்ல குச்சியை நட்ட பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்தால், அடி இலைகள் சுத்தமாக இருக்கும், மேலே பிறகு வந்த இலைகளில்தான் தேமல் இருக்கும். நாலு மாதத்தில் அடி இலை கொஞ்சம் உதிர்ந்திருக்கும், இருக்கிற கீழ் இலைகளைப் பாருங்கள். முதல் மாதமே தேமல் தெரிந்ததா என்று களை எடுத்த அம்மாக்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பாதி சொந்தக் குச்சி, பாதி வாங்கினது. இரண்டு பக்கமும் குறுக்காக நடந்து நூறு நூறு செடி எண்ணுங்கள். அடியிலிருந்தே தேமல் எத்தனை, நுனியில் மட்டும் எத்தனை, சுத்தமானது எத்தனை என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். வாங்கின பக்கம் அடித்தேமல் தூக்கலாக இருந்தால் வியாபாரி விஷயம் தெளிவு. சொந்தப் பக்கமும் அதே அளவு இருந்தால், வெளியாளைக் குறை சொல்லிப் பயனில்லை, உங்கள் குச்சியிலேயே ஊறியிருக்கிறது. எச்-226 தேமலுக்குச் சீக்கிரம் பணிந்துபோகும் ரகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து பற்றி: நாலு மாதப் பயிரில் வேண்டாம். செடிக்குள் போய்விட்ட வைரஸை எந்த மருந்தும் எடுக்காது. வெள்ளை ஈயைக் குறைத்தாலும், வயலின் பெரும்பகுதி ஏற்கெனவே நோயோடு நிற்கும்போது அந்தச் செலவு திரும்பி வராது. ஈ எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்க மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம், ஏக்கருக்கு ஐந்து போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020இல் கேரளத்தில் முதலில் தெரிந்து, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் குருத்தையே முடிச்சாகச் சுருட்டிய மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு குளவியை வரவழைத்து, 2022இல் உங்களுக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். தேவையில்லாமல் விஷம் அடித்தால் முதலில் போவது அந்தக் குளவிதான். குருத்து கொத்தாக முடிச்சிட்டு, வெள்ளையாக மாவு அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி, தேமல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி குச்சி. அடியிலிருந்தே தேமல் உள்ள செடியின் குச்சியை நடவே கூடாது. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. பலர் செய்வது என்னவென்றால், அறுவடை அன்றைக்குத் தடிப்பான குச்சியாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டுகிறார்கள். அன்றைக்கு இலை பெரும்பாலும் கொட்டியிருக்கும், மொட்டைத் தண்டைப் பார்த்து நோய் தெரியாது. எனவே இப்போதே, இலை பசுமையாக இருக்கும்போதே தேர்வு செய்யுங்கள். அடி முதல் நுனி வரை சுத்தமான செடிகளுக்குத் துணி கட்டுங்கள், அல்லது தண்டில் பெயின்ட் அடியுங்கள். கடும் வெயில் காலத்தில் தேமல் மங்கி மறையும், அப்போது பார்த்தால் ஏமாந்துபோவோம். மழைக்குப் பிறகு புதுத் துளிர் வரும்போது துணி கட்டிய செடிகளை மறுபடி பார்த்து, தேமல் வந்தவற்றின் துணியை அவிழ்த்துவிடுங்கள். கடைசிவரை தாங்கியவற்றில் மட்டும் குச்சி எடுத்து, நிழலில் நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

அப்படிப் பொறுக்கினால் மூன்று ஏக்கருக்குக் குச்சி போதாது என்பீர்கள். போதாதுதான். அதற்குத்தான் திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் இருகணு முறை இருக்கிறது. குச்சியை இரண்டு கணு உள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, நிழல்வலைக்கு அடியில் நாற்றங்காலில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். முளைக்கும்போதே தேமல் காட்டும் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூன்று நாலு வாரத்தில் மீதியை வயலுக்கு மாற்றலாம். சாதாரண முறையில் ஒரு செடி பத்துச் செடியாகும் என்றால் இந்த முறையில் அறுபது வரை போகும். நாற்றங்காலில் ஈ நுழையாத வலையாகப் போட்டால் இன்னும் நல்லது. வேலை கூடத்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே நோய்ச் செடியைக் கழிக்க இதைவிட மலிவான வழி நம் கையில் இல்லை.

நோயில்லாத குச்சி உங்கள் வயலில் நூற்றுக்கு இருபதுகூடத் தேறவில்லை என்றால் ரகத்தையே மாற்றிவிடுங்கள். நைஜீரியாவிலிருந்து வந்த வரிசையில் தேர்ந்தெடுத்த ஸ்ரீ பத்மநாபா, பிறகு வந்த ஸ்ரீ ரக்ஷா இரண்டும் தேமலைத் தாங்குபவை. ஏத்தாப்பூர் நிலையத்தில் எந்த ரகத்தின் குச்சி இருப்பில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுப் பதிந்து வையுங்கள், நடவுப் பருவத்தில் போய் நின்றால் கிடைக்காது. மொத்தமாக மாறுவதற்கு முன் ஒரு கால் ஏக்கரில் போட்டு, உங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். தேமலைத் தாங்கியும் மாவு குறைந்தால் ஆலைக்காரர் விலையில் பிடித்துவிடுவார், அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும்.

இப்போது நிற்கும் பயிரை அழிக்க வேண்டாம். நாலு மாதத்தில் பிடுங்கினால் நஷ்டம்தான் மிச்சம். முற்றவிட்டு அறுவடை செய்து ஆலைக்கு அனுப்புங்கள். இந்த வைரஸ் மனிதரையோ மாட்டையோ தொடாது, கிழங்கையும், மாவு எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியையும் பற்றிப் பயமில்லை. தேமல் செடியைப் பிடுங்கினால் பச்சை இலையை ஆட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அது வைரஸுக்காக இல்லை, மரவள்ளி இலையில் உள்ள சயனைடுக்காக. அறுவடைக்குப் பிறகு நோய்க் குச்சியை வேலியோரம் போடுவது, கேட்டவருக்கு எல்லாம் கொடுப்பது இரண்டையும் நிறுத்துங்கள், எரித்துவிடுங்கள். வரப்போரம் எறிந்த குச்சி தானாக முளைத்து, அடுத்த பயிருக்கு வெள்ளை ஈ நோயை எடுக்கும் இடமாக நிற்கும்.

மாணவர்கள் மறுபடி வந்தால் தாராளமாக இலை கொடுங்கள். கூடவே ரகம், நட்ட தேதி, குச்சி எங்கே வாங்கியது, எந்தப் பாதியில் பறித்தது என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். சொந்தக் குச்சிப் பக்கம் இரண்டு மாதிரி, வாங்கின பக்கம் இரண்டு மாதிரி தனித்தனிப் பையில் எடுக்கச் சொல்லுங்கள். நுனித்தேமல் செடியிலும் ஒன்று எடுக்கட்டும், ஈ கொண்டுவந்தது எது என்று பார்க்க அதுதான் உதவும். தாள் வரும்போது முழு மரபணுவைப் படித்தார்களா, ஒரு துண்டில் கொஞ்சம் மட்டும் படித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து ஊர் மாதிரிகளோடு ஒப்பிட்ட முடிவையும் கேளுங்கள். வாங்கின பக்கத்து வைரஸ் வேறு ஏதாவது மாவட்டத்து மாதிரியோடு நெருங்குகிறது என்று வந்தால் எனக்கும் எழுதுங்கள், அந்த வழியாகக் குச்சி வாங்கும் மற்றவர்களுக்கும் அடுத்த நடவுக்கு முன்பே சொல்லிவிடலாம்.