இன்னைக்கே கையெழுத்து போடணும்னு அவசரப்படுத்துனா போடாதீங்க

வணக்கம், கால் மணி நேரத்துல இன்டர்வியூ முடிச்சுட்டு உடனே அக்ரிமென்ட்ட நீட்டி இன்னைக்கே கையெழுத்து போடுங்கன்னு சொன்னாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள விலகினா ட்ரெயினிங் செலவ கட்டணும்னு ஒரு வரி இருக்குன்னு எழுதிருக்கீங்க. இப்போதைக்கு போடாதீங்க. காப்பிய மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்னு கேளுங்க, நல்ல கம்பெனி இதுக்கெல்லாம் கோவிச்சுக்காது, காப்பியே தரமாட்டோம்னு சொன்னா அதுக்கு மேல யோசிக்கவே வேணாம்.

அந்த ட்ரெயினிங் வரிதான் எனக்கு ரொம்ப உறுத்துது. தொகை எவ்வளவுன்னு இருக்கா, மாசம் போகப்போக அது குறையுமா, அவங்களே உங்கள வேலைய விட்டு அனுப்புனாலும் நீங்க கட்டணுமா, இதெல்லாம் எழுத்துல வாங்கணும். தொகையே போடாம 'நிறுவனம் முடிவு செய்யும்'னு இருந்தா மாத்தச் சொல்லுங்க, மாட்டேன்னா ஒரு லேபர் லாயர்கிட்ட காட்டிடுங்க, அந்த செலவு வீண் இல்ல. நோட்டீஸ் பீரியட், அதாவது வேலைய விடுறதுக்கோ அனுப்புறதுக்கோ முன்கூட்டியே சொல்ல வேண்டிய காலம், ரெண்டு தரப்புக்கும் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. வாயால சொன்ன இன்சென்டிவ் பேப்பர்ல இல்லன்னா அத நம்பி கணக்கு போடாதீங்க.

அந்த வேலைல முன்னாடி இருந்தவர் ஏன் போனாருன்னு நீங்க கேட்டதுக்கு பேச்ச மாத்துனாங்கன்னும் எழுதிருக்கீங்கல்ல, அந்த டீம்ல இருக்குற ஒருத்தர்கிட்ட பேசணும்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்ட காப்பி கைக்கு வர்ற வரைக்கும் இப்ப இருக்குற வேலைய மட்டும் ரிசைன் பண்ணிடாதீங்க.