ஸ்பீட் டெஸ்டில் 94 வருகிறது, வீடியோ கால் ஏன் உடைகிறது?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டு இணைப்பு 200 எம்பிபிஎஸ் பிளான், அப்லோடு 20. லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டு ஸ்பீட் டெஸ்ட் எடுத்தாலும் 93, 94க்கு மேல் வருவதில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். மாலையில் வீட்டில் யாராவது போனில் உள்ள படங்களைக் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தால், என் மீட்டிங்கில் குரல் ரோபோ பேசுவது மாதிரி உடைந்து, கடைசியில் படமும் நின்றுவிடுகிறது. சேவை நிறுவனத்தைக் கேட்டால் லைனில் குறையில்லை என்கிறார்கள். பெரிய பிளானுக்கு மாறுவதா, ரூட்டரை மாற்றுவதா? எதை வைத்து அளந்து பார்ப்பது?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் ஒரே பிரச்சினையாகச் சொல்லியிருந்தாலும் இதில் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். ஒன்று அநேகமாகக் கேபிளில் இருக்கிறது. மற்றொன்று, உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகள் (தரவின் சின்னத் துண்டுகள்) வரிசையில் காத்துக்கிடப்பதால் வருவது. பெரிய பிளான் எடுத்தால் இரண்டுமே அப்படியே இருக்கும்.

முதலில் அந்த 94. ஸ்பீட் டெஸ்டில் 94ஐப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் கம்பியில் ஒரு முழு அளவு பாக்கெட் போக, முன்னும் பின்னும் வரும் தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட் நேரம் ஆகிறது. அதில் உங்கள் தரவு பெரும்பாலும் 1448 பைட்தான். வகுத்துப் பாருங்கள், 100க்கு 94.1 வரும். ஆக, உங்கள் இணைப்பில் எங்கோ ஓர் இடத்தில் ஈதர்நெட் 100இல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் எந்தப் பிளானும் ஏறாது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி உள்ளே அறுந்தாலும், கிளிப்பில் சரியாக உட்காராமல் போனாலும், பல கருவிகள் சத்தமே போடாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை. நானே ஒரு முறை இரண்டு நாள் ரூட்டர் செட்டிங்குகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கேபிளைக் கண்டுபிடித்தேன். லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். அது 1000 என்கிறதா 100 என்கிறதா என்று பாருங்கள். 100 என்றால் லேப்டாப்பின் கேபிளை மாற்றிப் பாருங்கள். அது 1000 என்றால் மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் 94தான் என்றால், ரூட்டரின் இணைய போர்ட்டே 100க்கு மேல் போகாத ரகமாக இருக்கலாம். சில மலிவான மாடல்கள் பெட்டியில் பெரிய வைஃபை எண்ணைப் போட்டுவிட்டு உள்ளே இந்தப் போர்ட்டைத்தான் வைத்திருக்கும். அப்போது மட்டும் ரூட்டரை மாற்றலாம்.

சரி, மீட்டிங் விஷயத்துக்கு வருவோம். வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும். குரலுக்கு அதுகூட வேண்டாம். வழக்கமாக நொடிக்கு 50 சின்னப் பாக்கெட்டுகள், 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அவை நேரத்துக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். தாமதமாக வந்த பாக்கெட்டால் பயன் இல்லை; பேச்சு அந்த இடத்தைத் தாண்டிய பிறகு அந்த ஒலி எதற்கு? மென்பொருள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இட்டு நிரப்பப் பார்க்கும். நீங்கள் கேட்கும் ரோபோ குரல் அதுதான். ஒரு திசைக்கு 150 மில்லிசெகண்டுக்குள் தாமதம் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

ஆகவே அளக்க வேண்டியது வேகத்தை அல்ல, தாமதத்தை. அதிலும் லைன் சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை; நிரம்பி வழியும்போது அளக்க வேண்டும். அதற்குப் பிங் போதும்; ஒரு முகவரிக்குச் சின்னப் பாக்கெட் ஒன்றை அனுப்பி, பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் தன் நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியை நினைத்து வைத்த பெயர். இன்றைக்கும் நான் முதலில் தொடும் கருவி அதுதான்.

கேபிள் போட்ட லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். இடது பக்கம் உங்கள் ரூட்டரின் முகவரிக்குப் பிங், பெரும்பாலும் 192.168.1.1. வலது பக்கம் வெளியே இணையத்தில் உள்ள 1.1.1.1 என்ற பொது முகவரிக்குப் பிங். விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும், நிற்காமல் ஓடும் -t ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். இடது பக்கம் 1 மில்லிசெகண்ட், வலது பக்கம் 10, 12 என்று ஏதோ ஒரு சீரான எண் ஓடும். இப்போது போனில் ஒரு பெரிய வீடியோவை ஏற்றச் சொல்லுங்கள். இடது பக்கம் அப்படியே 1இல் நிற்க, வலது பக்கம் 12, 15, 90, 240, 400 என்று ஏறுகிறதா பாருங்கள். ஏற்றுவதை நிறுத்தியதும் இரண்டு மூன்று நொடியில் மறுபடி 12க்கு இறங்கினால், நோய் உறுதி. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

இடது பக்கமும் சேர்ந்து துள்ளினால் கதை வேறு, சிக்கல் வீட்டுக்குள்ளேயே. இதே சோதனையை வைஃபையிலும் ஒரு முறை செய்யுங்கள். அதில் மட்டும் ரூட்டர் பிங் துள்ளினால், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், 2.4இல்தான் இருக்க வேண்டும் என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். வேறு எண்கள் பக்கத்துச் சேனல்களோடு மோதும்.

இந்த வரிசை எப்படி உருவாகிறது? ரூட்டரிலும் மோடத்திலும் பஃபர் என்று ஒரு காத்திருப்பு இடம் உண்டு. வீட்டுக்குள் ஆயிரம் எம்பிபிஎஸ், வெளியே போகும் வாசல் 20. படங்களை ஏற்றும் செயலி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. 1 மெகாபைட் பஃபர் என்றால் 8 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் வாசலில் அது காலியாக 0.4 நொடி. உங்கள் குரல் பாக்கெட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த வரிசையின் வாலில்தான் போய் நிற்க வேண்டும், ஆக ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 400 மில்லிசெகண்ட் காத்திருப்பு. டவுன்லோடும் இதில் மாட்டும், ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்று திருப்பி அனுப்பும் ஒப்புதல்களும் அதே வரிசையில் நிற்கின்றன.

செயலி ஏன் அடங்குவதில்லை என்று கேட்கலாம். 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஓடிய இணைப்பு நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாரும் நெரிசலைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப அனுப்பியதன் விளைவு. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 1988இல் அதற்கு வழி சொன்னார்: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைக் குறை. இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான இன்றைய டிசிபியின் அடிப்படை அதுவே. அப்புறம் மெமரி மலிவானது. ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் தயாரிப்பாளர்கள் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பாக்கெட் தொலையவில்லை, அதனால் அனுப்புகிறவருக்கு நெரிசல் தெரியவில்லை, வரிசை மட்டும் நீண்டது. 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடியைத் தாண்டுவதைப் பார்த்துத் துருவப் போய்த்தான் பஃபர்புளோட் என்ற பெயரே வந்தது. டேவ் டாட் உள்ளிட்டோர் அவரோடு சேர்ந்து அதே பெயரில், இதைச் சரிசெய்யும் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

மருந்தும் அங்கிருந்துதான் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது கவலைப்படாது. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்ட் நேரம் தொடர்ந்து காத்திருப்பு 5க்குக் கீழே இறங்காவிட்டால், வேண்டுமென்றே ஒரு பாக்கெட்டைத் தள்ளிவிடும். அனுப்புகிறவருக்கு உடனே உறைக்கும். இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்தால் எஃப்க்யூ-கோடெல். அதில் உங்கள் குரல் படங்களுக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லை. அதன் அடுத்த தலைமுறையான கேக், 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. ஒரு கருவி நூறு இணைப்பு திறந்தாலும் வீட்டில் மற்றவர்களின் பங்கைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

உங்கள் ரூட்டரின் செட்டிங்கில் எஸ்க்யூஎம் என்றோ, ஸ்மார்ட் க்யூ என்றோ, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட முடிந்த ரூட்டர் என்றால் அதில் எஸ்க்யூஎம் பேக்கேஜாகவே கிடைக்கும். அதில் கேக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வேகத்தை அளந்ததைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். அப்லோடு உண்மையில் 20 வந்தால் 18 என்று போடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தயங்குவார்கள்: காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நானே வெட்டுவதா? ஆமாம், வெட்டத்தான் வேண்டும். வரிசை மோடத்தில் நின்றால் அதன் மேல் உங்களுக்கு அதிகாரம் இல்லை. ரூட்டர் ஒரு துளி மெதுவாக அனுப்பினால் வரிசை ரூட்டருக்குள் வந்துவிடும், அங்கே கேக் பார்த்துக்கொள்ளும். அந்த 18இல் ஆரம்பித்து, அந்தப் பிங் விண்டோவைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிங் ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். டவுன்லோடுக்கும் இதே கணக்கு, ஆனால் கேபிளைச் சரிசெய்து புதிதாக அளந்த பிறகு. சில நூறு எம்பிபிஎஸ்ஸை இப்படி ஒழுங்குபடுத்த ரூட்டரின் சிபியு கொஞ்சம் திணறலாம். அப்படி ஆனால் அப்லோடுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தொல்லை அங்கேதான் இருக்கிறது. இந்த வசதியே இல்லாத ரூட்டர் என்றால், படம் ஏற்றும் செயலியிலோ ரூட்டரின் பேண்ட்விட்த் கட்டுப்பாட்டிலோ அப்லோடுக்கு ஒரு வரம்பு வைத்தால் பாதி நோய் போய்விடும். கேமிங் மோடு, டர்போ என்ற பெயரில் வரும் பட்டன்களை நான் நம்புவதில்லை. நீங்கள் பிங் ஓடவிட்டு அழுத்திப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேக் வைத்திருந்தால் 2021இன் மான்டரேயிலிருந்து டெர்மினலில் நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளை உண்டு. லைனை நிரப்பி, நிமிடத்துக்கு எத்தனை முறை போய்த் திரும்ப முடிகிறது என்று சொல்லும். 200 என்றால் ஒரு சுற்றுக்கு 300 மில்லிசெகண்ட், மோசம். 2000 என்றால் 30, நன்று. லினக்ஸ்காரர்களுக்கு ஃபிளென்ட் இருக்கிறது. ஆர்ஆர்யூஎல் சோதனையில் இரு திசையையும் ஒரே நேரத்தில் நிரப்பி, தாமதத்தைக் கிராஃபாக வரைந்து கொடுக்கும். வீட்டுக்குள் இரண்டு கணினிகளுக்கு நடுவில் என்ன வேகம் என்று பார்க்க ஐபெர்ஃப்3. ஒன்றில் சர்வராக, மற்றதில் கிளையண்டாக ஓடவிட்டால் 10 நொடியில் பதில். இணையத்தையே தொடாததால் கேபிள், வைஃபை சந்தேகங்களைத் தனியாகப் பிரித்துவிடும். எம்-லேப் என்ற இணைய அளவீட்டுத் திட்டத்தின் என்டிடி சோதனை ஒரே ஒரு இணைப்பில் அளக்கிறது. மற்ற பல தளங்கள் ஒரே நேரத்தில் பல இணைப்புகள் திறக்கும். இரண்டும் வேறு எண் தந்தால் யாரும் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல இணைப்பில் வேகமாகவும் ஒற்றை இணைப்பில் மெதுவாகவும் வந்தால், வழியில் கொஞ்சம் பாக்கெட்டுகள் தொலைவது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் உடைகிறது, அதுவும் வீட்டில் யாரும் எதையும் ஏற்றாத நேரத்தில் என்றால், அப்போது எம்டிஆரை எடுங்கள் (விண்டோஸில் வின்எம்டிஆர்). வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டருக்கும் எத்தனை சதவீதம் தொலைகிறது என்று வரிசையாகக் காட்டும். இதைத் தப்பாகப் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் ஏராளம். நடுவில் ஒரு ரூட்டரில் 40 சதவீத இழப்பு, அடுத்ததில் இருந்து கடைசி வரை பூஜ்யம் என்று வந்தால் அங்கே கோளாறே இல்லை. அந்த ரூட்டர் மற்றவர்களின் பாக்கெட்டைக் கடத்துவதில் மும்முரமாக இருந்து, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போட்டிருக்கிறது. ஓர் இடத்தில் தொடங்கிய இழப்பு கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் அது குற்றம். எம்டிஆர் திரையைப் படமாக, மீட்டிங் உடையும் நேரத்தில் ஒன்று, நன்றாக இருக்கும் நேரத்தில் ஒன்று, நேரம் தெரிகிற மாதிரி எடுத்து சேவை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கேபிள் போட்டு எடுத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வைஃபைதான் காரணம் என்று முதல் வரியிலேயே பதில் வந்துவிடும்.