அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் சரியா இல்லாதவங்க எபிபென் மாதிரி அலர்ஜி ஊசிய எப்படி வாங்குறாங்க? விலை குறைய வழி இருக்கா?

கேள்விக்குக் கீழ "பையனுக்கு மூணு வயசு, வேர்க்கடலை அலர்ஜி, டிடக்டிபிள் பெரிய பிளான், பெனட்ரில் வெச்சு சமாளிக்க முடியாதா"ன்னு ஒரு வரி சேத்திருக்கீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு பாத்திரத்த சிங்க்ல அப்படியே போட்டுட்டு உக்காந்து டைப் பண்றேன். பெனட்ரில் போதாது. அது அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும், மூச்சுக்குழாய் சுருங்குனா திறக்காது, விழுந்த பிபிய ஏத்தாது. அதுக்கு எபிபென்ல இருக்குற எபிநெஃப்ரின்தான், நம்ம ஊர்ல அட்ரினலின்ம்பாங்க. நான் டாக்டர் இல்ல, உங்க டாக்டர் சொல்றததான் கேக்கணும், ஆனா இத ஒரு தடவ தப்பா செஞ்ச அம்மா நான், அந்த உரிமைல சொல்றேன்.

நீங்க அனேகமா எங்கள மாதிரி, ஆளுங்கள வேற கம்பெனிங்களுக்கு வேலைக்கு அனுப்புற ஐடி கன்சல்டன்சி வழியா வந்தவங்களா இருப்பீங்க. 2016ல நாங்க நியூ ஜெர்சி எடிசன்ல இருந்தோம், அவர் எச்1பி வேலை விசா, நான் அவர் மனைவிங்கிறதால கிடைச்ச எச்4 விசா, வேலைக்குப் போக முடியாது, அவர் ஒருத்தர் சம்பளம். பாப்பாவுக்கு நாலு வயசு, 16 கிலோ. ஜூலை மாசம் ஒரு பர்த்டே பார்ட்டில காஜு கத்லி ஒரு துண்டு கடிச்சா, பத்து நிமிஷத்துல உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு. அலர்ஜி டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டு முந்திரி, பிஸ்தா ரெண்டும் ஆகாதுன்னு சொல்லி எபிபென் ஜூனியர் எழுதிக் குடுத்தாரு, ஸ்கூலுக்கு ஒரு பெட்டி வீட்டுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ரெண்டு பேனா. ஃபார்மசி கவுன்டர்ல அந்தப் பொண்ணு ஸ்க்ரீனப் பாத்துட்டு, ஒரு பெட்டி அறுநூறு டாலர் சொச்சம்னு ரொம்ப மெதுவா சொல்லுச்சு. எங்க டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் காசு குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாமளே கட்ட வேண்டிய தொகை, 6,000, அதுல அஞ்சு பைசா கழிஞ்சிருக்கல. ரெண்டு பெட்டின்னா 1,200க்கு மேல, எங்க வீட்டு வாடகையே 1,350. பின்னாடி நாலு பேர் லைன்ல நிக்கிறாங்க. நான் "ஒண்ணு மட்டும் குடுங்க"ன்னு சொன்னேன், ஏதோ தக்காளி வாங்குற மாதிரி.

வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியப் பிரிச்சு ஒண்ண ஸ்கூலுக்குக் குடுத்தோம், ஒண்ண என் ஹேண்ட்பேக்ல வெச்சேன். இது தப்பு. ஒரு ஊசி பத்தலைன்னா அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது குத்தணும், அதுக்காகத்தான் ஜோடியா வருது. தெரியும். தெரிஞ்சேதான் பிரிச்சோம். "குழந்தை உயிர விட 600 டாலர் பெருசா"ன்னு கமென்ட் போட வர்றவங்க கொஞ்சம் பொறுங்க, இன்னும் மோசமா ஒண்ணு வருது, அதுக்கும் சேத்து திட்டிக்கலாம்.

அந்த விலை எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பதான் உக்காந்து படிச்சேன். எபிபென் ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச மருந்து இல்லைங்க, மிலிட்டரிக்காக செஞ்ச ஆட்டோ இன்ஜெக்டர்ல இருந்து வந்தது, 1987லயே எஃப்டிஏ (மருந்துகளப் பாத்து விட அனுமதிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு) அனுமதி குடுத்துட்டாங்க. உள்ள இருக்குற மருந்து ஒரு டாலர் பெறுமா பெறாதான்னு இருக்கும். நம்ம ஊர்ல எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சி ட்ரேயிலயும் அதே அட்ரினலின் கண்ணாடி ஆம்பியூலா கிடக்கும். காசெல்லாம் அந்த ஸ்ப்ரிங் வெச்ச பேனாவுக்கும், அத விக்கிற உரிமைக்கும்தான். மைலான்ங்கிற கம்பெனி 2007ல இத வாங்குனப்ப ரெண்டு பேனா 100 டாலர் பக்கம், 2016ல 608. நடுவுல என்ன ஆச்சுன்னா, 2013ல பள்ளிக்கூடங்கள்ல இந்த ஊசி இருக்கணும்னு மாநிலங்கள ஊக்குவிக்கிற சட்டம் வந்துச்சு, 2015 அக்டோபர்ல போட்டியா இருந்த ஆவிக்யூங்கிற பேனாவ, டோஸ் சரியா வராதுன்ற சந்தேகத்துல அத வித்த கம்பெனியே மார்க்கெட்ல இருந்து மொத்தமா திரும்ப எடுத்துக்கிச்சு, 2016 ஆரம்பத்துல டேவா கம்பெனியோட ஜெனரிக்க, அதாவது பிராண்ட் பேர் இல்லாத அதே மருந்த, எஃப்டிஏ அனுமதிக்காம திருப்பி அனுப்பிருச்சு. கடைத்தெருவுல ஒரே கடை திறந்திருந்தா அவன் சொல்றதுதானே விலை.

செப்டம்பர்ல மைலான் சிஇஓ ஹெதர் ப்ரெஷ்ஷ காங்கிரஸ்ல கூப்பிட்டு விசாரிச்சத நான் துணி மடிச்சிட்டே பாத்தேன். எம்பிங்க நல்லா சத்தம் போட்டாங்க. டிசம்பர்ல அதே பேனாவ ஜெனரிக்னு ஸ்டிக்கர் மாத்தி 300 டாலருக்கு விட்டாங்க. முழு விலைய பாதியாக்கிக் காட்டி "குறைச்சுட்டோம்"ங்கிறது நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரிதான், மெடிகெய்ட்ங்கிற ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்சுக்குக் குடுக்க வேண்டிய தள்ளுபடில ஏமாத்துனாங்கன்ற புகாருக்காக 2017ல 465 மில்லியன் டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிட்டாங்க, எங்கள மாதிரி கவுன்டர்ல நின்னவங்களுக்கு அதுல ஒரு செப்புக்காசும் வரல.

இப்ப அந்த மோசமான கதை. 2017 ஆகஸ்ட்ல அவருக்கு ப்ராஜெக்ட் முடிஞ்சு, அடுத்தது கிடைக்கிற வரைக்கும் சும்மா பெஞ்ச்ல உக்கார வெச்சாங்க, ரெண்டாவது மாசமே சம்பளம் நின்னுச்சு, இன்ஷூரன்சும் போச்சு. பழைய இன்ஷூரன்ச சொந்தக் காசுல தொடர்ற கோப்ரா எடுத்தா குடும்பத்துக்கு மாசம் 1,700ன்னு லெட்டர் வந்துச்சு, சம்பளமே இல்லாதவன்கிட்ட! (பெஞ்ச்ல இருந்தாலும் எச்1பிக்கு சம்பளம் குடுத்தாகணும்னு சட்டமே இருக்கு, எல்லாருக்கும் தெரியும், எவனாவது கேக்க முடியுதா, கேட்டா அடுத்த நாள் விசா என்ன ஆகும்? வருஷம் பூரா பில்லிங்ல பாதிய எடுத்துப்பாங்க, ஃபேமிலி டேல சட்டை குடுத்து போட்டோ எடுப்பாங்க. இத ஆரம்பிச்சா விடியும், விடுங்க.) என் பேக்ல இருந்த பேனா செப்டம்பரோட எக்ஸ்பயரி ஆயிருச்சு.

அந்த தீபாவளிக்கு ஃப்ரெண்ட் வீட்டுல பாட்லக். ஒவ்வொரு பாத்திரமா நானே கேட்டேன், முந்திரி இருக்கா, முந்திரி இருக்கான்னு. வெஜிடபிள் குருமா கொண்டு வந்தவங்க நாகர்கோவில் பக்கம், "இல்லையே"ன்னுட்டாங்க. அவங்க பொய் சொல்லல, மேல தூவுற முழு முந்திரியத்தான் கேக்குறேன்னு நெனச்சுட்டாங்க, தேங்காயோட அரைச்சு விட்டது ஞாபகத்துல இல்ல. பாப்பா ரெண்டு வாய் பரோட்டாவோட தின்னா. மொதல்ல தொண்டைய சொறிஞ்சா, அப்புறம் வாந்தி, கழுத்துல தடிப்பு, குரல் மாறிப்போச்சு. தடிப்பும் வாந்தியும் சேந்து வந்தா யோசிக்கவே கூடாது, ஊசிதான், இது எனக்கு ஒரு வருஷமா மனப்பாடம். ஆனா நான் என்ன பண்ணேன் தெரியுமா, பெனட்ரில் குடுத்துட்டு கைக்கடிகாரத்தப் பாத்துட்டு நின்னேன். ஊசி போட்டா 911 கூப்பிடணும், ஆம்புலன்ஸ் வரும், எமர்ஜென்சி ரூம்ல நாலு மணி நேரம் வெச்சுப் பாப்பாங்க, இன்ஷூரன்ஸ் இல்ல. ஒரு பக்கம் பிள்ளை இருமிட்டு இருக்கா, இன்னொரு பக்கம் மனசுக்குள்ள கணக்கு ஓடுது. எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ. அங்க வந்திருந்த ஒரு மலையாளி சேச்சி, நர்ஸ், மலையாளத்துல ஏதோ கத்திட்டே என் பேக்கப் பிடுங்கி பேனாவ எடுத்து பாவாடைக்கு மேலயே தொடைல ஒரே குத்து. எக்ஸ்பயரி ஆனதுன்னு நான் சொல்றேன், "வேற இருக்கா? இல்லல்ல?"ன்னாங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல இருமல் நின்னு பாப்பா அழ ஆரம்பிச்சா. அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்த நான் கேட்டதே இல்ல.

விலைன்னா வாங்குறப்ப வலிக்கிறது மட்டும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்லைங்க, கைல ஊசி இருந்தும் குத்த விடாம பிடிச்சு வெச்சது அதே பயம்தான். இத அனுபவிக்காதவங்களுக்கு சொல்லிப் புரிய வைக்க முடியாது.

பில் வந்தது ஆம்புலன்சோட சேத்து 5,000 டாலருக்கு மேல. ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீஸ்ல உக்காந்து அழுதப்ப அங்க இருந்த ஒரு அம்மாதான் காசு கட்ட முடியாதவங்க ஆஸ்பத்திரி பில்லக் குறைக்கிற நியூ ஜெர்சி சாரிட்டி கேர் ஃபார்ம குடுத்தாங்க, வருமானம் நின்னு போன கடுதாசியெல்லாம் வெச்சு ஆஸ்பத்திரி பாகம் ஏறக்குறைய முழுசும் போச்சு, ஆம்புலன்ச மட்டும் மாசம் 50ன்னு கட்டினோம். அதே அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அந்த வருஷம் ஜனவரியிலேயே சிவிஎஸ் மருந்துக்கடைல, அட்ரினாக்ளிக்ங்கிற இன்னொரு எபிநெஃப்ரின் பேனாவோட ஜெனரிக், ரெண்டு பேனா 110 டாலருக்கு, இன்ஷூரன்சே இல்லாம, விக்க ஆரம்பிச்சிருந்தாங்க. நூத்திப் பத்து! எனக்கு ஒருத்தர் சொல்லல. காரணம் என்னன்னா சீட்டுல "எபிபென்"னு பேர் போட்டு எழுதியிருந்தா ஃபார்மசிஸ்ட் தானா அத மாத்திக் குடுக்க முடியாது, பேனா வேலை செய்யுற விதம் வேறங்கிறதால எஃப்டிஏ கணக்குல ரெண்டும் சமம் இல்ல. அதனால உங்க டாக்டர்கிட்ட இன்னைக்கே கேளுங்க, சீட்டுல பிராண்ட் பேர் வேணாம், "எபிநெஃப்ரின் ஆட்டோ இன்ஜெக்டர்"னு எழுதுங்க, எது மலிவோ அத வாங்கிக்கிறேன்னு. ஒவ்வொரு பேனாவுக்கும் குத்துற முறை கொஞ்சம் வித்தியாசப்படும், வாங்குனதும் டம்மி பேனாவுல பழகிக்கோங்க.

அப்புறம் இன்ஷூரன்ஸ் கார்டக் காட்டுறதுக்கு முன்னாடி தள்ளுபடிக் கூப்பன் போட்டா விலை என்னன்னு கேளுங்க, பெரிய டிடக்டிபிள் பிளான்ல பல சமயம் கூப்பன் விலைதான் கம்மி, ஆனா அப்படிக் கட்டுனது பொதுவா டிடக்டிபிள்ல சேராது. மருந்துக் கம்பெனிங்களோட கோபே கார்டு (நம்ம கைல இருந்து கட்டுற பங்கக் குறைக்கிறது) பெரும்பாலும் பிரைவேட் இன்ஷூரன்ஸ் உள்ளவங்களுக்குத்தான், மெடிகெய்ட், முதியவங்களுக்கான மெடிகேர் மாதிரி அரசு இன்ஷூரன்ஸ்காரங்களுக்குக் கிடையாது. ஆவிக்யூ 2017ல திரும்ப வந்தப்ப லிஸ்ட் விலை 4,500 டாலர், ஆனா பிரைவேட் இன்ஷூரன்ஸ் இருந்தா உங்க கைல இருந்து சைபர், இன்ஷூரன்சே இல்லாம வருஷம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழ வருமானம்னாலும் சைபர்னாங்க. அந்த 4,500 பின்னாடி யார் தலைல விடியும், எல்லாரோட பிரீமியத்துலயும்தான், ஆனா உங்க பையனுக்கு வேணும்ங்கிறப்ப அந்த நியாயத்தப் பேசிட்டு இருக்காதீங்க, வாங்குங்க. 2024 ஆகஸ்ட்ல நெஃபின்னு மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேக்கு அனுமதி வந்திருக்கு, ரொக்கத்துக்கு ரெண்டு டோஸ் 199ன்னு அறிவிச்சாங்க, 15 கிலோவுக்கு மேல இருக்குற சின்னப் பிள்ளைங்களுக்கான டோஸ் 2025ல வந்துச்சு. உங்க பையன் வயசையும் எடையையும் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

சட்டமும் வருது, கொலராடோல 2024ல இருந்து ரெண்டு பேனா 60 டாலர்னு வரம்பு, இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கும் சேத்து, அதுக்காக மருந்துக் கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. இல்லினாய்லயும் 2025ல இருந்து 60. எங்க நியூ ஜெர்சில 25. இத நியூஸ்ல பாத்துட்டு நான் மாமியார்கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டு போன வருஷம் ஃபார்மசிக்குப் போனேன், பழைய மாதிரியே நூத்திக்கணக்குல சொல்றாங்க. போன் போட்டுக் கேட்டா அவரோட இப்போதைய கம்பெனி பிளான் செல்ஃப் ஃபண்டடாம், கம்பெனியே காசு போட்டு நடத்துறது, 1974ல போட்ட எரிசான்னு ஒரு ஃபெடரல் சட்டத்துக்குக் கீழ வருதாம், ஸ்டேட் சட்டம் அதத் தொடாதாம். பெரிய கம்பெனிங்க பாதிக்கு மேல இப்படித்தான். உங்க எச்ஆர்கிட்ட "ஃபுல்லி இன்ஷூர்டா, செல்ஃப் ஃபண்டடா"ன்னு இந்த ஒரு கேள்விய மட்டும் மெயில்ல கேட்டு வெச்சுக்கோங்க. நியூ ஜெர்சில இருந்து வேலை போயிட்டா, 2023ல இருந்து ஃபேமிலிகேர்ங்கிற ஸ்டேட் இன்ஷூரன்ஸ்ல 19 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள விசா ஸ்டேட்டஸ் பாக்காம, வருமானத்த மட்டும் பாத்து சேத்துக்கிறாங்க. இதனால கிரீன் கார்டுக்கு ஆபத்துன்னு வாட்ஸப்ல ஆளாளுக்கு சொல்லுவாங்க, அவங்களக் கேக்காம ஒரு வக்கீலக் கேளுங்க.

மாமியார்னு சொன்னேன்ல, அவங்களும் நாகர்கோவில்தான், ஆரம்பத்துல இந்த அலர்ஜிய நம்பவே இல்ல. "அண்டி ஆபீசு வாசல்ல வளந்த குடும்பம் நம்மது, அண்டிப்பருப்பு ஆவாதுன்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்ல"ம்பாங்க (அண்டின்னா அங்க முந்திரி), பாயசத்துல இருந்து முந்திரிய எடுத்துட்டு ஊட்டப் பாப்பாங்க. இப்ப அவங்கதான் வீட்டுல ஊசி இன்சார்ஜ். எக்ஸ்பயரி ஆன பேனாவ நாங்க தூக்கிப் போடாம வருஷா வருஷம் ஒரு ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகுவோம். போன மாசம் அவங்க முறை. டக்குன்னு குத்தி மூணு எண்ணிட்டு வெளிய எடுத்து, தோல்ல ஒட்டியிருந்த துளியப் பாத்தாங்க. மொத்தமே 0.3 மில்லி. "இம்புட்டுக்கா மக்கா அத்தன டாலரு"ன்னு கேட்டாங்க. பதிமூணு வயசுப் பாப்பா கைல இருந்த அந்தப் பழத்த வாங்கிக் குப்பைல போட்டுட்டேன், நீங்களும் போட்டுருங்க, உரிச்சுத் திங்கப் பாப்பாங்க.