புரட்டாசிச் சனிக்கிழமையில் ராக்கெட்: கேள்வி பதில்

நம் டர்பன் பிள்ளைகளின் ராக்கெட் குழு வரும் சனிக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஒரு பண்ணையில் பயிற்சிக்குப் போகிறது. பச்சை முட்டை ஒன்றை மேலே அனுப்பி உடையாமல் இறக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டியில் வைக்கிற அதே சோதனைதான். கேள்விகள் குவிந்துவிட்டன, வந்த வரிசையில் சொல்கிறேன்.

கேள்வி: அவ்வளவு தூரம் எதற்கு? டோங்காட்டில் கரும்புக்காடு இருக்கிறதே?

கிங் ஷாகா விமான நிலையமும் அங்கேதான் இருக்கிறது. போதுமா? காய்ந்த கரும்பில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: மோட்டார் மேல் C6-5 என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம், அண்ணா?

எழுத்து மோட்டாரின் மொத்த உந்துதலை, அதாவது விசையை நேரத்தால் பெருக்கியதைச் சொல்கிறது. C என்றால் 5 முதல் 10 நியூட்டன் விநாடி. அடுத்த எழுத்துக்குப் போனால் அது இரட்டிப்பாகும். 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும்வரை உள்ள விநாடிகள். இந்தக் கடைசி எண்ணை யாரும் கவனிப்பதில்லை. எண் சிறிதானால் ராக்கெட் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போதே பாராசூட் விரிந்து கிழியும். பெரிதானால் தலைகுப்புற வரும்போது விரியும், அல்லது விரியாது.

கேள்வி: பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால் போய்ப் பார்க்கலாமா?

கூடாது. முதலில் பொத்தான் பெட்டியிலிருந்து பாதுகாப்புச் சாவியை உருவு. 60 விநாடி எண்ணு. அப்புறம் ஒருவர் மட்டும் போகலாம். போன பயிற்சியில் மூன்று முறை இப்படி ஆனது. மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரைக் கவ்வும் முதலைவாய் கிளிப்பில் கரி படிந்து பல்லே தெரியவில்லை. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்ததும் நாலாவது முறை சீறிக்கொண்டு போனது. சனிக்கிழமை சாவி என் சட்டைப்பையில் இருக்கும். ஏவுமேடை அருகே ஆள் இருக்கும்வரை அது வெளியே வராது.

கேள்வி (சாட்ஸ்வொர்த் அம்மா ஒருவர்): புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டை ஏறாது. அதுவும் சனிக்கிழமை! எலுமிச்சம்பழம் வைத்தால் ஆகாதா?

பாதி ஆகும், அக்கா. முட்டை 55 முதல் 61 கிராம் இருக்கும். அதே எடையில் பழம் தேடி வைத்தால் உயரத்தையும் நேரத்தையும் பழகலாம். ஆனால் பழம் உடையாதே! பஞ்சு போதுமா, பாராசூட் போதுமா என்று சொல்லக்கூடியது முட்டை ஓடு மட்டும்தான்.

இதை எழுதி முடிக்கவில்லை, சண்டை வந்துவிட்டது. விரதம் வாய்க்குத்தானே, ராக்கெட்டுக்கு எதற்கு என்கிறார் மெர்பேங்க் மாமா ஒருவர். பாத்திரத்தில் பட்டாலே தீட்டு என்கிறார் ஒரு பாட்டி. உடைந்து பையன் சட்டையில் வழிந்தால் அதை யார் துவைப்பது என்று இன்னொருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பெருமாளுக்குக் கோபம் வருமா என்பது என் துறை இல்லை. குழுவில் விரதம் இல்லாத பையன் முட்டை கொண்டு வருவான், அவனே வைப்பான், அவனே எடுப்பான். தீர்ந்தது.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா): அதே ராக்கெட், அதே மோட்டார். உங்களைவிட எங்களுக்கு அதிக உயரம் போகிறது. எப்படி?

நல்ல கேள்வி. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். டர்பன் கடற்கரையைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. இழுத்துப் பிடிக்கும் காற்று குறைந்தால் உயரம் கூடும். ஆனால் துள்ளாதீர்கள். அதே மெல்லிய காற்றில்தான் பாராசூட்டும் இறங்க வேண்டும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகமாக வந்து தரையில் மோதும். எங்கள் ஊரில் பிழைத்த முட்டை உங்கள் ஊரில் ஆம்லெட். பெரிய பாராசூட் போடுங்கள்.

கேள்வி: ஃபீனிக்ஸ் ராக்கெட் நம்ம டர்பன் ஃபீனிக்ஸ் ஊரில் செய்ததா?

இல்லை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் திட்டம் அது. மெழுகை எரித்து 2021இல் 17.9 கிலோமீட்டர் போனது, வெஸ்டர்ன் கேப்பிலிருந்து.

கேள்வி: தீபாவளிப் பட்டாசைப் பிரித்து மருந்தை அடைத்தால்?

விரல் போகும். கடை மோட்டார் மட்டும்.

கேள்வி: கிளம்பவில்லை என்றால் கிட்டே போகலாமா?

மேலே படி. சாவி, 60 விநாடி.

கேள்வி: எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

D மோட்டார் வரை 5 மீட்டர், அதற்கு மேல் 9. முட்டை ராக்கெட்டுக்கு 9.

கேள்வி: அண்ணா, கிளம்பவில்லை என்றால்...

சாவி!

கேள்வி: சாவியே தொலைந்துவிட்டால்?

போன வருஷம் தொலைந்தது. பிள்ளைகளை வரிசையாகப் புல்லில் நடக்கவிட்டு ஒரு மணி நேரம் தேடினேன். என் சட்டைப்பையிலேயே இருந்தது.