1/2000 ஷட்டரிலும் கௌதாரி மங்கலாக வருகிறதா?

லென்ஸில் கோளாறா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இருக்காது, சர்வீஸுக்கு அனுப்பிவிடாதீர்கள். 1/2000 ஷட்டரிலும் (நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்) கௌதாரியின் மார்பு வரிகள் குழைந்து தெரிந்தால் பெரும்பாலும் அது கானல். காலை 10.30 மணி, உழுத செம்மண், 40 மீட்டர் தூரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சூடேறிய மண்ணுக்கு மேல் காற்று நெளிகிறது. தரையோடு தரையாக ஓடும் பறவையை அந்தக் காற்றின் ஊடாகத்தான் எடுக்கிறீர்கள்.

சோதிக்க, கேமராவை முக்காலியில் வைத்து, அதே நிலத்தில் ஒரு கல்லை அதே தூரத்திலிருந்து பத்துப் படம் எடுங்கள். 6.30-க்கு ஒரு தடவை, 10.30-க்கு ஒரு தடவை. காலையில் பத்தும் தெளிவு, பிறகு ஒன்று தெளிவு ஒன்று மங்கல் என்றால் கானல்தான். இரண்டு வேளையும் ஒரே மாதிரி மங்கினால் ஃபோகஸைப் பாருங்கள்.

காரிலிருந்து எடுப்பதானால் ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். உள்ளே குளிர், வெளியே சூடு என்பதால் கண்ணாடியை இறக்கியதும் ஜன்னலிலேயே இதே நெளிவு வரும். நான் ஒரு சீசனே இதில் வீணாக்கினேன்!

அப்புறம், கிட்டே வரட்டும் என்று மொபைலில் கௌதாரியின் குரலைப் போடாதீர்கள். எல்லைச் சண்டை என்று நினைத்து ஓடிவரும், குஞ்சுகள் தனியாக நிற்கும். விடியும்போது அது கத்துகிற வேலிமுள் பக்கம் முன்கூட்டியே போய் உட்கார்ந்தால் போதும்.