ஸ்டைன் வாத்தியார் கெட்டவரா, கெடுக்கப்பட்டவரா? 'சோல் ஈட்டர்' கேள்வி பதில்

'சோல் ஈட்டர்' அனிமேயில் (போன்ஸ் ஸ்டுடியோ, 2008–09, 51 எபிசோட்) ஷிபுசென் பள்ளி வாத்தியார் ஸ்டைன் நடுவில் தடம் புரள்வதைப் பற்றித்தான் இத்தனை கேள்வியும். ஸ்பாய்லர் உண்டு, பார்க்காதவர்கள் இப்போதே நழுவிவிடுங்கள்.

கே: அண்ணா, தலையில திருகாணி, எப்பப் பாரு எதையாவது அறுக்கணும்னு ஒரு ஆளு. இவரு நல்ல வாத்தியாரா?

ப: ஆள் பார்க்கத்தான் அப்படி. மாக்காவும் பிளாக் ஸ்டாரும் அவரிடம் முதன்முதலில் மாட்டுகிற சண்டையைப் பாருங்கள். பிள்ளைகளை அடித்துப் போட்டுவிட்டு, அடுத்து அறுக்கத்தான் போகிறார் என்று நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "பாஸ்" என்கிறார். நடந்தது மொத்தமும் ஸ்பெஷல் கிளாஸ்! அப்புறம் வகுப்புக்குச் சுழல் நாற்காலியில் உருண்டு வருவார், வாசலில் தடுக்கி விழுவார், எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் பாடத்தைத் தொடங்குவார். ஆனால் மாணவனாக இருந்தபோது, கூட்டாளி ஸ்பிரிட் தூங்குகிற நேரம் பார்த்து அவர் உடம்பிலேயே பரிசோதனை செய்தவரும் இவர்தான். அந்தக் கிறுக்கு எங்கேயும் போய்விடவில்லை, கட்டிப்போட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கே: கெடுத்தது அசுராவா மெடூசாவா? குழப்பமா இருக்கு.

ப: இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. அசுரா ஓர் அரக்கக் கடவுள், மெடூசா ஒரு சூனியக்காரி. பள்ளிக்கு அடியில், தன் தோலாலேயே ஆன பைக்குள் அடைபட்டுக் கிடந்த அசுரா வெளியே வந்ததும் அவனுடைய பித்து அலை ஊரெல்லாம் பரவுகிறது. எல்லோரையும்தான் தொடுகிறது, ஆனால் ஸ்டைனுக்குள் ஏற்கெனவே அதே சரக்கு இருப்பதால் அவரைத்தான் பலமாகப் பிடிக்கிறது, மெடூசா எதிரே நிற்பதாகவே தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. சக வாத்தியாரான மேரியின் ஆன்ம அலைக்கு ஆற்றித் தேற்றுகிற குணம் இருப்பதால் அவள் ஸ்டைனின் வீட்டிலேயே தங்குகிறாள். மெடூசாவின் விஷமம் இங்கேதான். மேரி குடிக்கிற தேநீரில் ஒரு பாம்பைப் போட வைக்கிறாள், போட்டது அவள் பிள்ளை குரோனா, அம்மா மேல் இருந்த பயத்தில். அதோடு மேரியின் அலையே திரிந்துபோய், அவள் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொரு நாளும் ஸ்டைனுக்குப் பித்து முற்றுகிறது, கடைசியில் மெடூசா பக்கமே போய்விடுகிறார். மருந்திலேயே விஷம் வைத்த மாதிரி. மெடூசா முன்பு அதே பள்ளியில் நர்ஸாக வேஷம் போட்டவள், யாரை எங்கே தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கே: மேரிக்குக் கடைசி வரை தெரியலையா? லூசா அவங்க?

ப: பாவம், அவளைத் திட்டாதீர்கள். தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று யார்தான் சந்தேகப்படுவார்கள்? விடாமல் தேடிப் போய் ஸ்டைனை மீட்பதும் அவள்தானே.

கே: அப்போ மெடூசாவோட போனதுக்கு ஸ்டைன் பொறுப்பே இல்லையா?

ப: பாதி உண்டு என்பேன். அவள் காட்டிய ஆசை அவருக்குப் புதிது இல்லை. முழுக்கப் பொம்மையாக ஆட்டப்பட்டவர் என்றால் இந்தக் கதையில் ருசியே இருக்காது.

கே: மாங்காவுலயும் இப்படித்தானா ப்ரோ?

ப: இல்லை. ஒகுபோ வரைந்த மூல மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) 2013 வரை ஓடியது, அனிமே 2009லேயே முடிந்துவிட்டதால் பின்பாதிக்குத் தனிக் கதை பின்னிக்கொண்டார்கள். மாங்காவில் ஸ்டைன் மேல் கொலைப்பழி விழுகிறது, மேரியோடு கிளம்பிப் போகிறார், மெடூசா பக்கம் சாய்வதில்லை. கதையாக மாங்காதான் உருப்படி, ஆனால் ஸ்டைனுக்காக மட்டும் என்றால் நான் அனிமேயைத்தான் திரும்பப் போடுவேன்.