தோட்ட விளக்குக்குக் காற்றாடியா, சூரியத் தகடா? கேள்வி பதில்

கே: அண்ணே, சிராங்கூன் பக்கம் தரைவீடு. 400 வாட் காற்றாடியும் சூரியத் தகடும் சேர்ந்த செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். தோட்ட விளக்குக்கு வாங்கலாமா?

ப: தகடு சரி, காற்றாடி வேண்டாம் தம்பி. அந்த 400 வாட் வர நொடிக்கு 12 மீட்டர் வேகத்திலாவது காற்றடிக்க வேண்டும். சிங்கப்பூரில் சராசரி 2 மீட்டரை ஒட்டித்தான். வேகம் பாதியானால் காற்றின் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள காற்றாடிக்கு 2 மீட்டர் காற்றில் ஒரு வாட் தேறினாலே பெரிது. பல காற்றாடிகள் 3 மீட்டருக்குக் கீழே அசையவே அசையாது.

கே: சுமத்ராக் காற்று வந்தால் துணிக் கம்பே பறக்கிறதே?

ப: பறக்கும், ஒன்றிரண்டு மணி நேரம். அப்புறம்? ஆபத்தும் அப்போதுதான். பேட்டரி நிறைந்ததும் தகட்டின் இணைப்பைத் துண்டித்தால் அது சும்மா கிடக்கும். சுற்றுகிற காற்றாடியைத் துண்டித்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் இறக்கை முறியலாம். மிச்ச மின்சாரத்தை வெப்பமாக மாற்றித் தீர்க்கும் மின்தடையம் (ரெசிஸ்டர்) அந்த செட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார்.

கே: செமாக்காவ் தீவில் மட்டும் காற்றாலை நிற்கிறதே?

ப: அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம். உயரமான கோபுரம், சுற்றிலும் கடல். உங்கள் கொல்லைப்புறம் அப்படியா?

கே: 10 வாட் எல்இடி ஒன்று ராத்திரி முழுக்க எரிய எவ்வளவு பெரிய தகடு?

ப: இங்கே வருஷம் பூராவும் இரவு 12 மணி நேரம். ஆக 120 வாட்-மணி. மந்தார நாளையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு முழு வெயில் சுமார் 4 மணி நேரம், வழியில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். கணக்குப்படி 45 வாட் போதும். நான் 80 போடுவேன். டிசம்பர், ஜனவரி மழையில் நாள்கணக்கில் வெயிலே தலைகாட்டாது. மூன்று இரவு தாங்க, 12 வோல்ட் 30 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. காரீய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் கெடும், அதனால் இரட்டிப்பு வாங்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் எல்லாமே சிறிதாகும்.

கே: தகட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது?

ப: நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகைதானே தள்ளி இருக்கிறோம், பக்கம் பெரிய விஷயமில்லை. 10 பாகை சாய்த்தால் மழையே அழுக்கைக் கழுவிவிடும். நிழலைத்தான் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு மாங்கிளை நிழல் விழுந்தாலே மின்சாரம் மளமளவென்று இறங்கும்.

கே: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரச் சுவரில் தகட்டை மாட்டலாமா?

ப: அது பொது இடம். நகர மன்றத்தைக் கேட்காமல் ஆணி அடிக்காதீர்கள்.

கே: பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் என் கன்ட்ரோலர் கெட்டுப்போச்சு. திறந்தால் உள்ளே எறும்புக் கூடு!

ப: பெட்டிக்குள் வயர் மேலிருந்து இறங்குகிறதா? ஓட்டையை அடிப்பக்கம் மாற்றி, சிலிக்கோன் பசை பூசுங்கள். வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.